சிற்றுயிர் உலகைக் கண்ட துணிவணிகர்

கல்லூரியிற் புகுந்து உயிர்நூல் பயிலத் தொடங்கிய மாணவர், ஆய்வுச்சாலையில் முதன்முறையாக நுண்ணோக்கியின்மேற் குனிந்து குளத்துநீர்த் துளியொன்றை நோக்குங்கால், பெரும்பாலும் முதலிற் காண்பது தம் கண்ணிமை மயிரின் நிழலேயாம். ஆசிரியர் அருகே நின்று திருகாணியை மெல்லத் திருப்புமாறு கூற, அங்ஙனமே திருப்புவர்; கலங்கிக் கிடந்த ஒளிவட்டம் சிறிது சிறிதாகத் தெளியும்; தெளிந்த அவ்வட்டத்தினூடே ஏதோவொன்று விரைந்து நீந்திச் சென்று மறையும். அக்கணத்தில் நம்முள் எழுந்த வியப்பை நம்மிற் பலர் இன்னும் மறந்திலோம். வழிகாட்டும் ஆசிரியரின்றி, முன்னோர் எழுதிவைத்த நூலின்றி, அங்ஙனம் ஓர் உலகம் உண்டென்னும் நினைவுமின்றி, அதனை முதன்முதற் கண்டவர்க்கு அவ்வியப்பு எத்துணைப் பெரிதாயிருந்திருத்தல் வேண்டும்! அவர் பல்கலைக்கழகம் புகுந்தவரல்லர். அக்காலத்து அறிஞரின் பொதுமொழியாகிய இலத்தீனை அறிந்தவருமல்லர். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணிக்கடை வைத்து வாழ்ந்த ஒரு வணிகர். அந்தோனி வான் லீவன்ஹூக் என்னும் அப்பெரியாரின் வரலாற்றையும், அவர்தம் கருவியின் இயல்பையும், அவர் கண்டதை உலகம் நம்பிய வகையையும், அவர் ஒன்றை மறைத்துவைத்ததனால் விளைந்த குறையையும் ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

லீவன்ஹூக் 1632-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள் டெல்ஃப்டிற் பிறந்தார். தந்தையார் பிலிப்ஸ் கூடை முடையுந் தொழிலினர். தாயார் மார்கரேதா பீர் மது காய்ச்சும் குடும்பத்தில் வந்தவர். கால்வாய்களும் பாலங்களும் நிறைந்த அந்நகரம், கீழ்த்திசை வாணிகம் நடத்திய ஒல்லாந்தர் கம்பெனியின் ஆறு கிளைமன்றங்களுள் ஒன்றைத் தன்னகத்தே கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இந்நகரத்தின் பெயரையே இட்டு வழங்கினர். அப்பெயர் இன்றும் தேசப்படங்களிற் காணப்படும்.

அந்தோனி ஐந்து வயதுப் பாலகராயிருந்தபோதே தந்தையார் இறந்தனர். சில ஆண்டுகட்குப்பின் தாயார் மறுமணம் புரிந்தனர். சிறுவர் வார்மண்ட் என்னும் ஊரிலுள்ள பள்ளிக்கு அனுப்பப்பெற்றார். பின்னர்ச் சிறிதுகாலம் உறவினர் ஒருவர் இல்லத்தில் வளர்ந்தார். எழுத்தும் எண்ணும் கற்றாரேயன்றி உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டிற்றில்லை. 1648-இல், பதினாறாம் வயதில், ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் துணிக்கடையொன்றில் தொழில் பயில அமர்ந்தார். 1654-இல் டெல்ஃப்டுக்கு மீண்டு, பார்பரா என்னும் நங்கையை மணந்து, வீடொன்று வாங்கி, சொந்தமாகத் துணிக்கடை தொடங்கினார். அவர்க்குப் பிறந்த மக்கள் ஐவர்; அவருள் மரியா என்னும் மகள் ஒருத்தியே பிழைத்து வளர்ந்தார். 1666-இல் மனைவியாரும் இறந்தனர். 1671-இல் கொர்நேலியா என்பாரை இரண்டாந்தாரமாக மணந்தார். அவரும் 1694-இல் மறைந்தார். இறுதிவரை தந்தைக்குத் துணையாய் நின்று இல்லத்தைக் காத்தவர் மரியாவே.

வணிகத்தோடு நகரத்தாரின் அலுவல்கள் சிலவும் அவரை வந்தடைந்தன. 1660-இல் நகர நீதிமன்றத்தார் கூடும் மண்டபத்திற்குக் காப்பாளராக நியமிக்கப்பெற்றார். 1669-இல் நில அளவையாளர் தேர்வில் தேறினார். 1679-இல் திராட்சமதுப் பீப்பாய்களின் கொள்ளளவைக் கணிக்கும் உத்தியோகமும் பெற்றார். அதே நகரத்தில் அதே ஆண்டிற் பிறந்த வெர்மீர் என்னும் புகழ்பெற்ற ஓவியர் கடன்பட்டு இறந்தபோது, அவர்தம் உடைமைகளைப் பராமரித்துக் கடன்காரர்க்குத் தீர்க்கும் பொறுப்பு 1676-இல் லீவன்ஹூக்கிடமே ஒப்புவிக்கப்பட்டது. இவற்றால் ஊரார் அவரை நேர்மையும் கணக்கில் நுட்பமும் வாய்ந்தவராக மதித்தமை புலனாகும். அளத்தலும் எண்ணுதலும் அவர் கைக்கும் கண்ணுக்கும் இயல்பாய் அமைந்திருந்தன என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னர் அவர் செய்த அருஞ்செயல்களுக்கெல்லாம் அதுவே அடிப்படை.

துணிவணிகர் துணியின் இழைகளை எண்ணி அதன் தரத்தை அறியும்பொருட்டுச் சிறு பூதக்கண்ணாடி வைத்திருப்பது அக்காலத்து வழக்கம். அங்ஙனம் இழை எண்ணிய கண் இழையோடு நில்லாது, இழையின் உட்கூறுகளையும் காண விழைந்தது. 1665-இல் இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் மைக்ரோகிராபியா என்ற பெருநூலை வெளியிட்டிருந்தார். தெள்ளுப்பூச்சியும் பேனும் பூஞ்சணமும் தக்கையின் கண்ணறைகளும் அந்நூலிற் பெரும்படங்களாகத் தீட்டப்பட்டிருந்தன. அந்நாட்டார் அதனைப் போற்றி வாங்கினர். 1668-ஆம் ஆண்டளவில் லீவன்ஹூக்கும் இங்கிலாந்து சென்று மீண்டார். சில ஆண்டுகளுள் அவர்தம் கையில், ஐரோப்பாக்கண்டத்தில் வேறெவரிடத்தும் இல்லாத ஆற்றல்வாய்ந்த வில்லைகள் இருந்தன.

அவ்வில்லைகளின் சிறப்பை உணர்தற்கு நுண்ணோக்கியின் தத்துவத்தைச் சிறிது அறிதல் வேண்டும். ஒரு பொருள் நமக்குப் பெரிதாய்த் தோன்றவேண்டின் அதனைக் கண்ணுக்கு அணுகக் கொணர்கின்றோம். ஏறக்குறைய ஒருசாண், அதாவது 25 சென்டிமீட்டர் தொலைவினும் குறைவாகக் கொணர்ந்தால், கண் அதனைத் தெளிவாகக் காணமாட்டாது கலங்கும். பொருளிலிருந்து விரிந்துவரும் ஒளிக்கதிர்களைக் குவிந்த கண்ணாடி வில்லையொன்று வளைத்துத் தருமாயின், மிக அணுகிய பொருளையும் கண் வருத்தமின்றிக் காணும். சேம்பிலையின்மேல் நிற்கும் மழைத்துளி தன்கீழுள்ள இலைநரம்பைப் பெரிதாகக் காட்டுவது இம்முறையாலேதான். வில்லையின் குவியத் தூரம் எத்துணைக் குறுகியதோ, அத்துணை மிகுதியாகப் பொருள் பெருக்கமுறும். 25 சென்டிமீட்டரை அத்தூரத்தால் வகுக்கக் கிடைப்பதே பெருக்கத்தின் அளவு. குவியத் தூரம் ஒரு சென்டிமீட்டராயின் பொருள் 25 மடங்கு பெருகும். ஒரு மில்லிமீட்டராயின் 250 மடங்கு பெருகும். குவியத் தூரம் அங்ஙனம் குறுகவேண்டுமாயின் வில்லையின் முகம் மிகவும் வளைந்திருத்தல் வேண்டும். மிகவும் வளைந்த வில்லை மிகவும் சிறிதாயிருத்தல் வேண்டும். ஆகவே, பெரிதாகக் காட்டவல்ல வில்லை கடுகினுஞ் சிறிய கண்ணாடி மணியேயாம்.

ஹூக் முதலியோர் கையாண்டது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வில்லைகளைக் குழாயொன்றில் அடுக்கிய கூட்டு நுண்ணோக்கி. அதில் முதல் வில்லை ஒரு பிம்பத்தை உண்டாக்க, அடுத்த வில்லை அப்பிம்பத்தை மேலும் பெருக்கும். தத்துவத்தில் இதுவே மேலானது. இன்று நம் ஆய்வுச்சாலைகளில் உள்ளதும் இவ்வகையினதே. ஆயின் அக்காலத்து வில்லைகளின் வாயிலாக நோக்கிய பொருளின் ஓரங்களில் வானவில் நிறங்கள் படிந்தன, உருவமும் மழுங்கிற்று. இரண்டாம் வில்லை பொருளைப் பெருக்கியதுபோலவே இக்குற்றங்களையும் பெருக்கிக் காட்டியது. ஒற்றை வில்லையிற் குற்றம் ஒருமுறையே நேர்தலின், உருவம் தெளிவாயிருந்தது. இவ்வுண்மையைச் செயலில் நிறுவிக் காட்டியவர் லீவன்ஹூக்.

அவர்தம் கருவியைக் காண்பவர் அதனை நுண்ணோக்கி என்று முதலில் நம்பார். கட்டைவிரலின் நீளமுள்ள இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேலொன்று பொருத்தப்பட்டிருக்கும்; தகடுகளினூடே ஊசித்துளை போன்ற ஒரு துளை; அத்துளையில் அச்சிறு வில்லை அடங்கியிருக்கும். ஒருபுறத்தே கூரிய முள்ளொன்று நிற்கும். அதன் முனையிற் பொருளை ஒட்டுவர். முள்ளை மேலுங் கீழும், முன்னும் பின்னும் நகர்த்தத் திருகாணிகள் உண்டு. நீரைக் காணவேண்டின், மிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீரை ஏற்றி, அக்குழாயை முள்ளில் ஒட்டிவைப்பார். கருவியைக் கண்ணோடு ஒட்டப்பிடித்து, சாளரத்தின் ஒளியை எதிர்நோக்கி, மூச்சையும் அடக்கிப் பார்த்தல் வேண்டும். சிறிது கை நடுங்கினும் காட்சி மறைந்துபோம். இத்தகைய கருவிகளை அவர் தம் கையாலேயே நூற்றுக்கணக்கில் செய்தார். பித்தளையில் மட்டுமன்றி வெள்ளியிலுஞ் செய்தார்; அம்மாழைகளைப் பதப்படுத்தும் வேலையையும் தாமே கற்றுக்கொண்டார். ஒவ்வொரு பொருளையும் நோக்கியபின் அதனைக் கழற்றாது கருவியோடே வைத்துவிட்டு, அடுத்த பொருளுக்கு வேறு கருவி செய்வது பெரும்பாலும் அவர் வழக்கமாயிருந்தது.

இலண்டன் மாநகரில் 1660-இல் தோன்றிய ராயல் சொஸைட்டி என்னும் அறிஞர் சங்கத்தார் பல நாட்டாரோடும் கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர். 1673-இல் டெல்ஃப்ட் நகர மருத்துவரும் பேரறிஞருமாகிய ரெக்னியர் தெ கிராஃப் அச்சங்கத்தின் செயலாளரான ஹென்றி ஓல்டன்பர்க்குக்குக் கடிதம் எழுதி, தம் ஊரில் லீவன்ஹூக் என்பார் ஒருவர் இதுவரை கண்டவற்றினும் சிறந்த நுண்ணோக்கிகள் செய்கின்றார் என்று அறிமுகப்படுத்தினார். அதனோடு பூஞ்சணம், தேனீ, பேன் ஆகியவற்றைப் பற்றிய லீவன்ஹூக்கின் குறிப்பும் சென்றது. சங்கத்தார் அதனைத் தம் வெளியீட்டிற் பதிப்பித்தனர். கிராஃப் அவ்வாண்டிலேயே இளமையில் இறந்தார். அவர் தொடங்கிவைத்த கடிதப்போக்குவரத்தோ ஐம்பதாண்டு நீடித்தது. தாய்மொழியன்றி வேறறியாத வணிகர் டச்சு மொழியில் எளியநடையில் எழுதினார். இலண்டனில் அவை மொழிபெயர்க்கப்பட்டன. சங்கத்தார்க்கு அவர் விடுத்த கடிதங்கள் 190-க்கு அணித்தாகும்.

1674-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் டெல்ஃப்டுக்கு ஏறக்குறைய இரண்டு நாழிகை மணி வழித்தொலைவிலுள்ள பெர்க்கெல் ஏரியில் ஓடமேறிச் சென்றார். அவ்வேரிநீர் கோடையில் வெண்மையாகக் கலங்கி, பசிய முகில்போன்ற படலங்கள் மிதக்கக் காணப்படும். அவ்வூரார் அது பனியின் விளைவென்று சொல்லி அமைந்திருந்தனர். லீவன்ஹூக் அந்நீரைக் குப்பியில் ஏந்திவந்து மறுநாள் நோக்கினார். பாம்புச்சுருள்போலப் பசிய நாடாக்கள் சுருண்டிருந்த பாசியிழைகளையும், அவற்றினிடையே பலநிறத்தவாய் விரைந்து சுழன்ற மிகச்சிறிய உயிர்களையும் கண்டார். பாலடைக்கட்டியிற் காணும் சிறுபூச்சியே உயிர்களுள் மிகச்சிறியதென அந்நாட்டார் எண்ணியிருந்த காலம் அது. அப்பூச்சியினும் அவை பன்மடங்கு சிறியனவாயிருந்தன.

அதனினும் பெரிய காட்சி மிளகினால் வாய்த்தது. மிளகு நாவிற்பட்டால் உறைப்பதேன் என்று அறிய அவர் விரும்பினார்; கண்ணுக்குப் புலப்படாத முட்கள் அதில் இருந்து நாவைக் குத்துகின்றனவோ என்றும் ஐயுற்றார். உலர்ந்த மிளகை நோக்குதல் அரிதாகலின், மென்மையாகும்பொருட்டு அதனை நீரில் ஊறவைத்தார். ஏறக்குறைய மூன்று வாரங்கழித்து, 1676-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள், அந்நீரை நோக்கினார். தேடிய முள் யாதும் காணப்படவில்லை. எண்ணிலடங்காச் சிற்றுயிர்கள் காணப்பட்டன. அவற்றுட் சில, முன்னர்க் கண்ட உயிர்களோடு ஒப்பிட்டாலும் அணுவென்று கூறத்தக்க அளவின. நாம் இன்று பாக்டீரியா என்று வழங்கும் நுண்ணுயிர்களை மனிதக்கண் கண்டதற்கு நமக்குக் கிடைத்துள்ள தெளிவான முதற்சான்று இதுவேயாம். இவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்திலொரு பங்கு அல்லது அதனினும் சிறிது மிகுதி. வெறுங்கண்ணோ, மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கினும் சிறியதைக் காண்டல் அரிது.

அத்துணைச் சிறிய அளவைக் கூற அக்காலத்தில் அளவுகோல் இல்லை. லீவன்ஹூக் தாமே ஓர் அளவைமுறை வகுத்தார். பருமணல் ஒன்று, தினையரிசி ஒன்று, மயிரின் தடிப்பு, பேனின் கண், குருதியின் செந்நிற மணி என, யாவரும் அறிந்த பொருள்களோடு ஒப்பிட்டு, இத்தனை உயிர்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மணலின் குறுக்களவாம், ஆதலின் அம்மணலின் கொள்ளளவில் இத்தனை அடங்கும் எனப் பெருக்கிக் கணக்கிட்டார். துணியின் இழையை எண்ணியவரும், நிலத்தை அளந்தவரும், பீப்பாயின் கொள்ளளவைக் கணித்தவரும் ஒருவரே என்பது இங்குப் பயன்பட்டது.

1676-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாளிட்டு இச்செய்தியை நீண்ட கடிதமாக எழுதி இலண்டனுக்கு விடுத்தார். அறிஞர்கள் திகைத்தனர். தினையளவு நீரிற் பல்லாயிரம் உயிர்களென்றால் நம்புவது எங்ஙனம்? சங்கத்தின் உறுப்பினரான நெகேமியா குரூவிடம் இதனைச் சோதிக்கும் பணி ஒப்புவிக்கப்பட்டது, அது பலித்திலது. லீவன்ஹூக்கோ தம் வில்லையின் முறையைக் கூற இசைந்திலர். அதற்கு மாறாக, சமய போதகர்களும் நோட்டரி உத்தியோகஸ்தரும் உள்ளிட்ட நன்மதிப்புடையார் எண்மரை அழைத்துத் தம் கருவியிற் காட்டி, தாங்கள் கண்ணாரக் கண்டதாக அவர்கள் கையொப்பமிட்ட சான்றிதழ்களை விடுத்தார்.

சான்றிதழ் நம்பிக்கையை விளைக்கலாம். அறிவியலுக்கு அது போதாது. பிறரும் தம் கண்ணாற் காண்டலே வேண்டுவது. ஹூக் இப்பணியைத் தாமே மேற்கொண்டு, மிளகை ஊறவைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஏற்றி, மேலான வில்லைகளால் நோக்கினார். முதலிற் சிலமுறை தோல்வியே கண்டார். 1677-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் சங்கத்தார் கூடியிருந்தபோது அச்சிற்றுயிர்கள் தோன்றின. குழுமியிருந்தோர் ஒருவர்பின் ஒருவராக நோக்கி ஐயம் நீங்கினர். அன்றே அவை உலகத்தின் பொதுவுடைமையாயின என்னலாம். 1680-இல் சங்கத்தார் டெல்ஃப்ட் வணிகரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் ஒருமுறையேனும் அச்சங்கத்தின் கூட்டத்திற்குச் சென்றாரல்லர். ஆயினும் அவ்வுறுப்பினர் பதவியைத் தம் வாழ்நாளின் பெரும்பேறாகக் கருதினார்.

அதன்பின் அவர் நோக்காத பொருள் இல்லையென்றே கூறலாம். 1683-இல் தம் பல்லிடுக்கிலிருந்த வெண்மாவை எடுத்து மழைநீரிற் கலந்து பார்த்தார். நாள்தோறும் காலையில் உப்பினாற் பல் துலக்கும் தம் வாயிலும் சிற்றுயிர்கள் திரிவதைக் கண்டார். பிறந்தது முதல் பல் துலக்கியறியாத முதியவர் ஒருவரின் பல்லழுக்கில் அவை மொய்த்துக் கிடந்தன. கோல்போல் நீண்டவை, சுருள்போல் வளைந்தவை, உருண்டையானவை என அவற்றைப் படமெழுதியும் விடுத்தார். அப்படத்தைக் காணும் இக்காலத்து அறிஞர் இன்ன வகை என்று பெரும்பாலும் இனங்கண்டு கூறவியலும். மிகச் சூடான காப்பி அருந்தியபின் தம் முன்பற்களினின்று எடுத்த மாவில் அவை உயிரற்றுக் கிடந்தமையையும், காடி பட்டால் அவை இறப்பதையும் குறித்துவைத்தார். குருதியின் செந்நிற மணிகளை அளந்தார். தசைநாரின் குறுக்குவரிகளைக் கண்டார். ஆண்விந்தில் நீந்தும் உயிரணுக்களை 1677-இல் அறிவித்தார். 1688-இல் தவளைக்குஞ்சின் வாலில், நாடியினின்று நாளத்திற்குக் குருதி நுண்குழல்களின் வழியே பாய்வதைக் கண்டு வியந்து எழுதினார். தானியத்தில் வண்டும், அழுக்கில் தெள்ளுப்பூச்சியும் தாமாகவே தோன்றும் என்று அந்நாளிற் கற்றோரும் கருதியிருந்தனர். அவை முட்டையினின்றே வருகின்றன என்பதை அவர் படிப்படியாக நோக்கிக் காட்டினார்.

புகழ் பரவவே, அரசரும் பிரபுக்களும் அவர் வீட்டை நாடினர். 1698-இல் ரஷ்ய நாட்டு மன்னர் மகா பீட்டர் கால்வாய் வழியே படகில் வந்து, டெல்ஃப்டில் அவரைத் தம் படகுக்கு வரவழைத்து, விலாங்குமீனின் வாலிற் குருதி ஓடுவதைக் கண்டு களித்தார். வருவோர்க்கெல்லாம் லீவன்ஹூக் தம் கருவிகளிற் சிலவற்றைக் காட்டினார். ஆயின் தலைசிறந்தவற்றைக் காட்டினாரல்லர். 1685-இல் ராயல் சொஸைட்டியின் சார்பாகச் சென்ற தாமஸ் மாலினோ என்பாரும் இதனையே கண்டு தெரிவித்தார். மிகச்சிறிய உயிர்களைக் காண அவர் கையாண்ட தனிமுறை ஒருவர்க்கும் உரைக்கப்படவில்லை. ஜெர்மானியப் பேரறிஞர் லைப்னிட்ஸ், இளைஞர்க்கு இக்கலையைக் கற்பிக்கப் பள்ளியொன்று நிறுவலாமே என்று எழுதிக் கேட்டார். லீவன்ஹூக் 1715-இல் விடுத்த மறுமொழியில் அதற்கு இசைந்திலர். பெரும்பாலோர் பொருளையும் புகழையும் நாடியே கற்கின்றனர். ஆயிரவருள் ஒருவர்க்கும் இதற்கு வேண்டிய பொறுமை வாய்ப்பதில்லை என்பது அவர் கருத்து. அக்கருத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. அவரைப்போல் ஐம்பதாண்டு ஒரே நோக்காய் இருத்தல் யாவர்க்கும் எளிதன்று. ஆயினும் அவ்வாயிரத்தில் ஒருவர் வரக்கூடுமென்று எதிர்பார்த்தாவது கதவைத் திறந்துவைத்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

முதுமையிலும் அவர் ஓய்ந்தாரில்லை. இறுதி நோயில் உதரவிதானம் தன்வயமின்றித் துடித்தது. மருத்துவர் இதயத் துடிப்பென்றனர். லீவன்ஹூக் தம் உடலையே ஆய்ந்து, அது உதரவிதானத்தின் துடிப்பே என்று குறித்தார். மருத்துவ நூலார் அந்நோயை இன்றும் அவர் பெயரோடு சேர்த்து வழங்குகின்றனர். மரணப்படுக்கையிற் கிடந்தபோதும், நண்பர் ஒருவரை அழைத்து, தம் கடைசிக் கடிதங்கள் இரண்டை இலத்தீனில் மொழிபெயர்த்து இலண்டனுக்கு அனுப்புமாறு வேண்டினார். 1723-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், அவர் உயிர் நீத்தது. டெல்ஃப்டின் பழைய ஆலயத்தில் அடக்கஞ்செய்யப்பெற்றார். அவர் விருப்பப்படி, 26 வெள்ளி நுண்ணோக்கிகள் அடங்கிய பேழையை மரியா ராயல் சொஸைட்டிக்கு அனுப்பிவைத்தார். மரியா 1745-இல் இறந்தபின், எஞ்சிய கருவிகள் 1747-இல் ஏலத்திற் போயின. இலண்டனுக்குச் சென்ற பேழையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காணாமற் போயிற்று. இன்று உலகில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே.

அவரோடு அவர்தம் பார்வையும் மறைந்தது. சிற்றுயிர்களை ஆராய்ந்தோர் பின்னரும் சிலர் இருந்தனர். ஆயினும் பாக்டீரியாவை அவர் கண்ட தெளிவோடு காணவல்ல கருவி நெடுங்காலம் எளிதிற் கிட்டவில்லை. உயிர்களையெல்லாம் வகைப்படுத்திய லின்னேயஸ் 1767-இல் இச்சிற்றுயிர்களுக்குக் கேயாஸ், அதாவது குழப்பம், என்னும் பெயரிட்டு ஒரே தொகுதியில் அடைத்துவிட்டார். 1830-இல் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் நிறக்குற்றமும் மழுங்கலும் நீங்குமாறு வில்லைகளை அடுக்கும் முறையை வெளியிட்டார். கூட்டு நுண்ணோக்கி அதன்பின்னரே தன் தத்துவத்திற்கேற்ற ஆற்றல் பெற்றது. லிஸ்டர் தம் முறையை மறைத்தாரல்லர். அதனால் நல்ல கருவிகள் பலர் கைக்கும் வந்தன. புளிப்பும் அழுகலும் சிற்றுயிர்களால் நிகழ்வதைப் பாஸ்டர் நாட்டினார். 1876-இல் அடைப்பான் நோயின் கிருமியையும், 1882-இல் காசநோயின் கிருமியையும் ராபர்ட் கோக் மெய்ப்பித்தார். லீவன்ஹூக் மிளகுநீரை நோக்கிய நாளுக்கும் கோக் அடைப்பான் நோயின் கிருமியை நிறுவிய ஆண்டுக்கும் இடையே சரியாக 200 ஆண்டுகள் கடந்தன. நோயின் காரணத்தை அறிய வேறுபல அறிவும் வேண்டியிருந்தமையால், இத்தாமதம் முழுவதையும் ஒருவர்மேற் சுமத்துதல் நீதியன்று. ஆயினும், அந்நாளிலேயே பல கண்கள் அவ்வுலகை நோக்கியிருப்பின், தேடலேனும் முன்னரே தொடங்கியிருக்கும். அவ்விருநூறு ஆண்டில் தொற்றுநோய்க்கு இரையான மக்களை நினையுங்கால், மறைக்கப்பட்ட அறிவின் விலை யாதென்பது நம் நெஞ்சைத் தொடுகின்றது.

இவ்வரலாற்றிற்கு வியத்தகு முடிவு ஒன்று உண்டு. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் அவர்தம் நுண்ணோக்கிகளுள் ஒன்று இருக்கின்றது. அது ஏறக்குறைய 270 மடங்கு பெருக்கிக் காட்டும்; எஞ்சியவற்றுள் அதுவே ஆற்றல் மிக்கது. தகடுகளைப் பிரித்தாற் கெடுமென்று அஞ்சி, அதனுள்ளிருக்கும் வில்லையின் முழுவடிவை ஒருவரும் கண்டதில்லை. 2021-இல் நெதர்லாந்து அறிஞர்கள் நியூட்ரான் கதிர்களை அதனூடே செலுத்தி, பிரிக்காமலே உள்வடிவைப் படம்பிடித்தனர். அது தேய்த்துச் செய்த வில்லையன்று. கண்ணாடியை மெல்லிய இழையாக நீட்டி, அவ்விழையின் நுனியைச் சுடரிற் காட்டி உருக்கித் திரட்டிய சிறுமணி. அம்முறை யாருடையது? 1665-இல் ஹூக் தம் மைக்ரோகிராபியா நூலின் முன்னுரையில் யாவரும் அறிய அச்சிட்டு வெளியிட்ட முறையே அது. ஒற்றை மணியின் வாயிலாக நோக்குதல் கண்ணுக்கு வருத்தமென்று ஹூக் தாம் அதனை விடுத்துக் கூட்டு நுண்ணோக்கியையே மேற்கொண்டார். அவ்வருத்தத்தைப் பொறுத்தவர் லீவன்ஹூக். அவர்தம் வில்லைகள் யாவும் இம்முறையில் ஆனவையல்ல; தேய்த்துச் செய்தவையும் உண்டென்று அதே ஆராய்ச்சி காட்டிற்று. எனினும் அவற்றுள் ஆற்றல் மிக்கதென நமக்கு எஞ்சிய வில்லை, பிறர் ஒளியாது கொடுத்த அறிவினின்றே பிறந்தது.

நண்பர்களே, இப்பெரியார் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. பட்டமும் பன்மொழிப் புலமையும் இல்லாத வணிகர் ஒருவர், கையின் திறனாலும் கண்ணின் பொறுமையாலும், அறிஞர் எவரும் காணாத உலகைக் கண்டார் என்பது ஒன்று. அது நமக்கு ஊக்கந் தருவது. கண்டவர் காணும் வழியைப் பிறர்க்கு ஈந்தாலன்றி அக்காட்சி அவரோடே மறையும் என்பது மற்றொன்று. அது நமக்கு எச்சரிக்கையாவது. அடுத்தமுறை ஆய்வுச்சாலையில் நுண்ணோக்கியின்மேற் குனிந்து, ஒளிவட்டம் தெளிந்து, சிற்றுயிர் ஒன்று நீந்திச்செல்லக் கண்டால், டெல்ஃப்ட் நகரத்துச் சாளரத்தருகே மூச்சடக்கி நின்ற அம்முதியவரை நன்றியோடு நினைப்போமாக. நினைத்தபின், நம் அருகே நிற்கும் மாணவர்க்கு இடம் விட்டு விலகி, அவரும் காணுமாறு செய்வோமாக.